எடைமேடைக்கு முன்னால் இரண்டு டீ

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் என் மனைவியே பதில் சொல்லிவிடுவாள். "கம்ப்யூட்டர்ல பொட்டி போடறாரு."

பொய்யில்லை. ஒரு நிறுவனத்தில் நடக்கும் வேலை ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாகப் போட்டு, எதற்குப் பின் எது என்று அம்புக்குறி இழுத்து, மொத்த நிறுவனத்தையும் படமாக்கும் மென்பொருள் அது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு படிவம் இருக்கும். இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முடிகிறது என்பதுபோன்ற செயல்திறன் விவரங்களை அதில் நிரப்ப வேண்டும். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தினால், எல்லாப் பெட்டிகளிலிருந்தும் விவரங்களைப் பொறுக்கி ஒரே அட்டவணையாகப் போட்டுக் கொடுக்கும். அந்தப் பொத்தானை அழுத்தத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்று வருடமாகக் கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் அழுத்திக்கொண்டிருந்தேன். போன கரும்பு அரவைக் காலத்தில், எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றைப் படமாக்கும் வேலை வந்தது. சென்னையிலிருக்கும் என் மேலாளர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஆலைக்காரங்க முன்னாடி அட்டவணையக் காட்டணும். ஒழுங்கா வந்தா நீங்க அங்கயே இருங்க. இல்லன்னா அடுத்த மாசம் ஆபீசுக்கு வந்துடுங்க சார். எனக்கும் மேல பதில் சொல்ல முடியல."

ஒழுங்காக வராமல் என்ன? சனிக்கிழமையே ஆலைக்குப் போய் விவரம் சேகரித்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனேன். மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டேன். அருவியைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துவது ஒரு கௌரவம் அல்லவா?

அழுத்தினேன். அட்டவணை வந்தது. வரிசையெல்லாம் இருந்தது, தலைப்பெல்லாம் இருந்தது. 'காத்திருப்பு நேரம்' என்ற பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது.

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு மூடித் திறக்கும் வியாதி. கணினியை மூடித் திறந்தேன். அணைத்துப் போட்டேன். ஊதினேன். அருவிச் சாரல் உள்ளே போயிருக்குமோ என்று மனைவியின் துப்பட்டாவால் துடைத்தேன். மென்பொருளின் உரிமம் காலாவதியாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன். எதிர்ப் பாறையில் ஒரு குரங்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதன்மேலும் சந்தேகப்பட்டேன். ஐந்தே நிமிடத்தில் மனத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டேன். கட்டிலை மச்சானுக்குக் கொடுத்தாயிற்று. தாம்பரத்தில் மூன்றாவது மாடியில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறேன்.

மனைவி கொய்யாப்பழத்துக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தாள். "இன்னாங்க ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டிப் போவுது?"

"சென்னைக்குப் போறோம்."

"இப்பவா? பழத்த சாப்ட்டு போலாம்."

நடந்ததைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "காலியா இருக்குதுன்னா உள்ள இன்னா எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாக்க வேணாமா? அந்தப் பொட்டியத் தொறங்க."

எடைமேடைக்கு முன்னால் டிராக்டர் வரிசை நிற்கும் பெட்டியைத் திறந்தேன். காத்திருப்பு நேரம் என்ற இடத்தில் நானே என் கையால் தட்டியிருந்தேன்: '2 டீ'. மாட்டு வண்டி வரிசையின் பெட்டியில்: '1 டீ'. மொத்த ஆலையிலும் காத்திருப்பு உள்ள பெட்டிகள் இவை இரண்டுதான்.

அப்போதுதான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆலை வளாகத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தும் மேஸ்திரியிடம், கரும்பு வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். "டிராக்டருன்னா ரெண்டு டீ சார். மாட்டு வண்டின்னா ஒரு டீ" என்றார். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு டிராக்டரின் மட்கார்டுமேல் கணினியை வைத்து அவர் சொன்னதைச் சொன்னபடியே தட்டினேன். வீட்டுக்குப் போய் நிமிடமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மத்தியானம் தூங்கினேன். பெட்டிக்குள் எதை எழுதினாலும் இந்த மென்பொருள் மரியாதையாக வாங்கிக்கொள்ளும். அட்டவணை போடும்போதுதான் எண்ணாக இல்லாததைத் தூக்கி எறியும்.

எனக்கு உயிர் வந்தது. "அவ்ளோதானா? ஒரு டீக்குப் பதினஞ்சு நிமிஷம்னு போட்டா முடிஞ்சுது."

"யாரு டீக்கு?" என்றாள் மனைவி. "நீங்க ஒரு டீ குடிச்சா அர நாளு போவுது. அவர்கிட்டயே கேளுங்க."

அருவிப் பக்கம் சிக்னல் கிடையாது. வண்டியை எடுத்து வெள்ளிமலைக்கு வந்து, பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கோடு சிக்னலைப் பிடித்தேன். அரவைக் காலத்தில் ஆலைக்கு ஞாயிறு கிடையாது. மேஸ்திரி எடுத்தார்.

"அண்ணா, ஒரு டீன்னா எத்தன நிமிஷம்?"

"எதுக்கு சார்? டீக்கட போடப் போறீங்களா?"

"கம்ப்யூட்டர்ல போடணும்ணா. டிராக்டருக்கு ரெண்டு டீ, மாட்டு வண்டிக்கு ஒரு டீன்னு சொன்னீங்களே. அப்ப மாட்டு வண்டிக்குப் பாதி நேரந்தான?"

அவர் டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "யார் சார் சொன்னது பாதி நேரம்னு? மாட்டு வண்டிதான் ஜாஸ்தி நேரம் நிக்கும்."

"டீ கம்மின்னீங்களே?"

"மாட்ட வுட்டுட்டு எவன் சார் ரெண்டாவது டீக்குப் போவான்? டிராக்டர்காரன் சாவியப் பாக்கெட்ல போட்டுக்கினு எறங்கிப் போயிடறான். மாட்டுக்காரன் ஒன்னக் குடிச்சிட்டு ஓடியாந்துடுவான். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கறப்ப டிராக்டர்காரன் எடைமேடைல பூந்துடுவான். நீங்க படிச்சவரு, இது தெரியலையா?"

படித்தவன் வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் வாயைத் திறந்தபடி நின்றேன். பதினைந்தால் பெருக்கியிருந்தால் அட்டவணை அழகாக நிரம்பியிருக்கும். ஆலைக்காரர்கள் முன்னால் தலைகீழாக இருந்திருக்கும். அந்த வெள்ளைப் பத்திக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"அப்ப சரியான நேரம் எப்டிணா தெரியும்?"

"கேட்ல ஒரு சீட்டு, எடைமேடைல ஒரு சீட்டு. ரெண்டுலயும் மணி போட்டிருக்கும். அத மொதல்லயே கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருப்பேன். நீங்க எவ்ளோ நேரம்னு வாயாலதான கேட்டீங்க?"

அவர் சீட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். மனைவி கொய்யா கட்டி வந்த காகிதத்தில் எழுதினாள். டிராக்டர் பத்து, மாட்டு வண்டி பத்து. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களில் ஒருவர், நாங்கள் கரும்பு ஏற்றிவிட்டு வண்டியைத் தொலைத்தவர்கள் என்று நினைத்து, "கெடச்சிடும்ங்க, கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். பத்தி நிரம்பி வந்தது. மிளகாய்த்தூள் மூக்கில் ஏறிய மாதிரி கண் கலங்கியது. திரையில் ஆலைக்காரர்கள் நாலு பேர், மேலாளர் அம்மா ஒருவர்.

ஆலைக்காரர் ஒருவர் கேட்டார்: "மாட்டு வண்டிக்கு எப்படி நேரம் ஜாஸ்தியாச்சு? அதுக்குத் தனி வரிச குடுத்திருக்கமே."

தண்ணீர் காட்டும் கதையைச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டியை வரிசைக்கு உள்ளேயே கட்டிவிடலாமா என்று அவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது. என்னை மறந்துவிட்டார்கள். இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் அம்மா கூப்பிட்டார். "இதெல்லாம் இங்க உக்காந்து தெரிஞ்சிருக்காது சார். நீங்க அங்கயே இருங்க."

"சரிங்க மேடம்" என்றேன், ரொம்ப நிதானமானவன் குரலில். மனத்துக்குள் மச்சானிடமிருந்து கட்டிலைத் திரும்ப வாங்கினேன்.

"ஒரு சின்ன விஷயம். பதினாலாவது வரிச, கரும்புச் சாறு சாம்பிள் எடுக்கற எடம். அங்க வேலைக்கு ஆகற நேரம் மட்டும் காலியா இருக்கே?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். '1 பீடி'.

"அளந்துக்கினு இருக்காங்க மேடம். சாயந்திரத்துக்குள்ள வந்துடும்."

உடனே மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். "அண்ணா, அந்த சாம்பிள் எடுக்கறவருக்கு ஒரு பீடி நேரம்னீங்களே..."

"அவரு இன்னிக்குக் காலைல பீடிய வுட்டுட்டாரு சார். டாக்டர் சொல்லிட்டாராம்" என்றார். "நீங்களே வந்து கடிகாரத்த வெச்சிக்கினு பக்கத்துல நில்லுங்க. வர்றப்ப டீ சாப்ட்டு வந்துடுங்க, இங்க டீக்கடைல கூட்டம் ஜாஸ்தி."