இடது காதில் ஓடிய தறி

1. நான்குக்குப் பூஜ்யம்

மெட்ராஸில் அந்த இண்டோர் ஹாலில் முதல் பாதி முடிந்து விசில் அடித்தபோது ஸ்கோர் நான்குக்குப் பூஜ்யம். பூஜ்யம் எங்களுடையது.

பார்வையற்ற பெண்களுக்கான கோல்பால் அணியை முதல்முறையாக நாட்டுக்காகச் சேர்க்கிறார்கள். அதற்கான தேர்வு ஆட்டம் அது. சங்கரன்கோவிலிலிருந்து ரயிலேறி வந்த என் பிள்ளைகள் மூன்று பேரும் கண்கட்டோடு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்கள். இடைவேளை மூன்று நிமிடம். அதற்குள் பயிற்சியாளர் ஏதாவது சொல்ல வேண்டும். பயிற்சியாளர் நான்தான்.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு பி.டி. டீச்சராகப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நல்ல பி.டி. டீச்சர். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அந்த நான்கு கோலும் யாரால் விழுந்தன என்பதையும் அதேபோலக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

2. ரூல்ஸ் புத்தகம்

எனக்குக் குருவிகுளம் பக்கம். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. அப்பாவும் அம்மாவும் பருத்தி எடுக்கவும் உளுந்து பறிக்கவும் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சர்ட்டிபிகேட்டுகளை வைத்து உடற்கல்விப் பயிற்சியில் இடம் பிடித்தேன். சங்கரன்கோவிலில் இந்த விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தபோது வயது இருபத்தொன்று.

முதல் நாள் தலைமை டீச்சர் மைதானத்தைக் காட்டினார். மைதானம் என்றால் விடுதிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம்.

"வாரத்துல மூணு பீரியடு. கையக் கோத்து ரவுண்டா நடக்க வச்சாப் போதும். விழுந்து கிழுந்து வச்சிராம பாத்துக்கிடுங்க" என்றார்.

ஒரு மாதம் ரவுண்டாக நடந்தோம். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பேச்சியம்மாள் நடுவில் நின்றுவிட்டாள். ராயகிரிக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

"டீச்சர், இந்த ரவுண்டு எங்கன போயி முடியும்?"

அந்தக் கோடை விடுமுறையில் மெட்ராஸில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு நானே எழுதிக் கேட்டுப் போனேன். திரும்பும்போது கையில் சைக்ளோஸ்டைல் செய்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. கோல்பால் விதிகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். இன்றைக்கும் எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று சொல்வேன்.

ஆட்டம் இதுதான். பக்கத்துக்கு மூன்று பேர். கோல், தளத்தின் முழு அகலத்துக்கும் இருக்கும். பந்துக்குள் மணி. எதிரணி தரையோடு உருட்டி எறியும் பந்தைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, உடம்பைக் குறுக்கே நீட்டிப் படுத்துத் தடுக்க வேண்டும். தடுத்ததும் எழுந்து திருப்பி எறிய வேண்டும். கோடுகளுக்கு அடியில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். காலாலும் கையாலும் தடவி இடம் தெரிந்துகொள்ளலாம். கொஞ்சம் நிழல் தெரிகிறவர்களும் ஆடுவார்கள் என்பதால் எல்லோருக்கும் கண்கட்டு உண்டு.

கட்டைக் கையில் கொடுத்தபோது பேச்சி கேட்டாள்.

"எனக்கு எதுக்கு டீச்சர்? இன்னொருக்கா குருடாகவா?"

"ரூல்ஸ் பிள்ள. கட்டு."

"ரூல்ஸ்னா சரி" என்று கட்டிக்கொண்டாள். முதல் பந்து வயிற்றில் பட்டபோது அவள் சிரித்த சிரிப்பை விடுதி முழுக்கக் கேட்டார்கள்.

3. பக்கத்துக் கொட்டகை

புத்தகத்தில் எட்டாவது பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஹாலில் சத்தமே இருக்கக்கூடாது. பார்க்கிறவர்கள் கை தட்டக்கூடாது. பயிற்சியாளர் பேசக்கூடாது.

எங்கள் தளத்தை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் கொட்டகை. பன்னிரண்டு தறி. பேச வேண்டுமென்றால் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்த வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கொட்டகை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம் பொண்டாட்டி பேசுதது கேக்கணும்னே நான் இன்னும் தறிய நிறுத்தல டீச்சரம்மா. பந்து பேசுதது கேக்கணும்னு நிறுத்தவா?"

ஆனால் மனுஷர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கழிவு நூல் ஒரு மூட்டை கொடுத்தார். அதைத் திணித்துத்தான் பிள்ளைகளுக்கு முழங்கை பேடும் இடுப்புப் பேடும் தைத்தோம்.

சத்தத்தை நிறுத்த முடியவில்லை என்றதும் சத்தத்திலேயே பழக்குவது என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு மாதம் ஒருத்திக்கும் பந்து கேட்கவில்லை. மூன்றாவது மாதம் பேச்சிக்குக் கேட்டது. பிறகு கடையநல்லூர் மும்தாஜுக்கு. கடைசியில் ரோஸ்லினுக்கு. ஓராண்டில் மூன்று பேரும் பன்னிரண்டு தறிக்கு நடுவே மணிச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். பந்து எங்கே உருண்டாலும் அங்கே படுத்தார்கள். பேச்சி நடுவில், மும்தாஜ் அவளுக்கு இடது கைப் பக்கம், ரோஸ்லின் வலது கைப் பக்கம். எதிர்க்கோல் பக்கம் சிமெண்டு பெயர்ந்து கிடந்ததால் இந்த மூவரையும் எப்போதும் வடக்குக் கோலிலேயே நிற்க வைத்தேன். மற்ற பிள்ளைகள் எதிரே நின்றார்கள்.

இந்தச் சத்தத்திலேயே கேட்கிற பிள்ளைகளுக்கு நிசப்தமான ஹால் கொடுத்தால் என்ன ஆட்டம் ஆடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமை டீச்சரிடம் சொன்னேன். ஊருக்குப் போனபோது பருத்திக் காட்டில் நின்று அப்பாவிடமும் சொன்னேன்.

ஒன்று மட்டும் இடித்தது. கரண்டு போகிற நாளில் தறி நிற்கும். நிசப்தம். அன்றைக்குப் பார்த்து ஆட்டம் கெட்டுப்போகும். பந்து பக்கக்கோட்டைத் தாண்டி ஓடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் வந்து படுத்து முட்டிக்கொள்வார்கள்.

பேச்சி சொன்னாள். "தறி ஓடலன்னா ஒரு மாதிரி இருக்கு டீச்சர்."

"சாக்குச் சொல்லாத பிள்ள. மெட்ராஸ்ல ஹால்ல ஈ பறந்தாக் கேக்கும். அங்கன போயி தறி வேணும்னு கேப்பியா?"

"இல்ல டீச்சர்."

"பொறவு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

வாயாடி அவள். அன்றைக்குப் பந்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். கரண்டு இல்லாத நாளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

4. மூன்று நிமிடம்

தேர்வுக்கு வந்த மற்ற பள்ளிகள் பெரிய ஊர்ப் பள்ளிகள். ஷூ, டிராக் சூட், ரப்பர் பேடு. எங்கள் பிள்ளைகள் கழிவு நூல் பேடு. எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. ஜெயித்த பிறகு அந்தப் பேடு எதனால் ஆனது என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று இருந்தேன்.

விசில் அடித்தது. நடுவர் அமைதி என்று சொன்னதும் ஹால் அப்படியே அடங்கியது. நான் காத்திருந்த நிசப்தம் அது.

பேச்சியின் முதல் எறி பக்கக்கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் அப்படியே. எதிரணிப் பந்து வந்தபோது மூவரும் சரியான நேரத்தில் படுத்தார்கள், ஆனால் கோணலாக. பேச்சிக்கும் மும்தாஜுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. பந்து அதில் போனது. அடுத்த முறை பேச்சி எழுந்தபோது எதிர்க்கோலைப் பார்த்து நிற்கவில்லை. பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து நின்றாள். வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

கரண்டு போன நாளின் ஆட்டம் அது. அதை அந்த ஹாலில் உட்கார்ந்துதான் அடையாளம் கண்டேன்.

இடைவேளையில் மும்தாஜ்தான் முதலில் பேசினாள். "டீச்சர், ஹால் சுத்துது."

"தலை சுத்துதா?"

"தலை சுத்தல. ஹால்தான் சுத்துது. படுத்து எந்திரிச்சா வேற எங்கயோ இருக்கு."

பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பந்து நல்லாக் கேக்கு டீச்சர். நான் எங்கன நிக்கேன்னுதான் கேக்கல. ஊர்ல இடது காதுல தறி ஓடும். எந்திரிச்சதும் காதுக்கு நேரா தறிய வச்சுக்கிட்டா எதிர்க்கோல் மூக்குக்கு நேரா இருக்கும்."

ஓராண்டாக ஒரே கோல். ஒரே பக்கம் தறி. காலடியில் கயிறு இருந்தும் அதைத் தடவ வேண்டிய தேவையே இல்லாமல் வளர்த்திருந்தேன். சத்தத்தை மீறிக் கேட்கப் பழக்குகிறேன் என்று நினைத்தேன். பிள்ளைகள் அந்தச் சத்தத்தையே சுவர்போலப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"தப்பு என்னுது பிள்ள" என்றேன். "கரண்டு இல்லாத அன்னைக்கே நீ சொன்ன. நான்தான் சாக்குன்னு சொல்லிட்டேன்."

"அதப் பொறவு பாத்துக்கிடலாம். இப்பம் தறிக்கு என்ன செய்ய?"

ரோஸ்லின் சொன்னாள். "அண்ணாச்சியக் கொட்டகையோட ரயில்ல ஏத்திக் கூட்டிட்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மும்தாஜின் கை பெஞ்சுப் பலகையில் தட்ட ஆரம்பித்திருந்தது. கடையநல்லூரில் அவள் வாப்பா கைத்தறி நெசவாளி. தறியடியில் தவழ்ந்து வளர்ந்தவள்.

"நான் தறி ஓட்டட்டா டீச்சர்? நான்தான எப்பவும் பேச்சிக்கு இடது கை."

தரையைத் தட்டலாமா? பதினொன்றாவது பக்கம். மூன்று வாரம் அகராதியோடு உட்கார்ந்தது அந்த நிமிடத்துக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"தட்டலாம். உள்ள ஆடுதவங்க தரையத் தட்டி ஒருத்தருக்கொருத்தர் இடம் சொல்லலாம். ஆனா நம்ம பந்து கைய விட்டுப் போகும்போது சத்தம் இருந்தா தப்பு. பேச்சி எந்திரிச்சதும் மூணு தட்டு. அவ நேரா நின்னதும் கைய எடுத்திரு. ரோஸ்லின், நீ கயித்தக் காலால தேடு. கயிறு குதிகாலுக்கு வந்த பொறவுதான் நிக்கணும்."

விசில் அடிக்கப் போகிறார்கள். பேச்சி கண்கட்டை இறுக்கினாள்.

"ஏட்டி மும்தாஜ், உங்க வாப்பா தறி மாதிரி ஆற அமர ஓட்டாத. எனக்குப் பவர்லூம் வேணும்."

"ஓட்டுதேன். நீ மொதல்ல நேரா நில்லு."

இரண்டாம் பாதியில் எதிரணி எறிந்த முதல் பந்தைப் பேச்சி நெஞ்சில் வாங்கினாள். எழுந்தாள். இடது பக்கத்திலிருந்து டக், டடக், டக். பேச்சி இடது காதைச் சத்தத்துக்கு நேராக வைத்தாள். தோள் திரும்பியது. மும்தாஜ் கையை எடுத்தாள். பேச்சி எறிந்தாள். கோல்.

துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மும்தாஜ் ஒன்று போட்டாள். அவள் எறிய எழுந்தபோது பேச்சி வலது பக்கமிருந்து தட்டிவிட்டுக் கையை எடுத்தாள். சொல்லிக்கொடுக்காமலே செய்தாள். பேச்சி இன்னொன்று போட்டாள். எங்கள் பக்கம் பிறகு ஒரு கோலும் விழவில்லை. கடைசி விசிலில் நான்குக்கு மூன்று. தோற்றோம்.

5. பட்டியல்

தேர்வுக் குழுவில் இருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் விசில், கையில் அட்டை.

"இடது கைப் பொண்ணு என்னமோ தட்டினாளே, அது என்ன?"

"தறி மேடம்."

"எந்தத் தறி?"

எல்லாவற்றையும் சொன்னேன். பவர்லூம் கொட்டகை, ஒரே கோலில் நிறுத்தியது, கரண்டு போன நாளில் பேச்சி சொன்னது, நான் அடக்கியது. சொன்னால் என் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதிவிடுவார்களோ என்று ஒரு நொடி யோசித்தேன்தான். ஆனால் மறைத்தால் முதல் பாதி பிள்ளைகளின் கணக்கில் போய்விடும். அது அவர்களுடையது அல்ல.

"மூணு நிமிஷத்துல ஆட்டத்தை மாத்திக்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லி அட்டையில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பட்டியலை வாசித்தார்கள். பேச்சியம்மாள் பெயர் வந்தது. மும்தாஜ் பெயர் வந்தது. ரோஸ்லின் பெயர் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் ரயில்ல ஜன்னல் சீட்டு எனக்கு. காத்து எனக்குத்தான் வரணும்" என்றாள். ரயிலில் மற்ற இரண்டு பேரும் அவளுக்கு ஜன்னலை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

ஊர் திரும்பியதும் தலைமை டீச்சரிடம் கேட்டுப் பெயர்ந்த சிமெண்டைப் பூச வைத்தேன். இப்போது நாளுக்கொரு கோல் மாறுகிறோம். கொட்டகையில் டீக்காகத் தறி நிற்கிற கால் மணி நேரத்தில் ஒரு ஆட்டம் கட்டாயம். அண்ணாச்சிக்கு விஷயம் போனது.

"ஓட்டுனாலும் தப்பு, நிறுத்துனாலும் தப்பா டீச்சரம்மா?"

"ரெண்டும் தப்பில்ல அண்ணாச்சி. ஒரே பக்கமா நின்னு கேட்டதுதான் தப்பு."

பிள்ளை சொல்வது சாக்குப்போலக் கேட்டால் இப்போதெல்லாம் இன்னொரு கேள்வி கேட்கிறேன். எப்படி இருக்கு, எந்தப் பக்கம் இருக்கு, எப்போது வருது. புதிதாக வருகிறவர்கள் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ரூல்ஸ் புத்தகத்தையும் படியுங்கள், இரண்டும் வேண்டும்.

அணியின் பயிற்சி முகாமிலிருந்து பேச்சி பிரெயிலில் கடிதம் போட்டிருந்தாள். எனக்கு விரலால் வாசிக்க இன்னும் வராது. புள்ளிகளைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம், மும்தாஜ் குறட்டை பற்றி அரைப் பக்கம். கடைசியில் இப்படி இருந்தது:

"இங்கன வலது பக்கம் பெரிய ஃபேன் ஒண்ணு ஓடுது டீச்சர். நல்ல சத்தம். நான் அத நம்பல. கயித்தத் தடவித்தான் நிக்கேன்."