பட்டன் அக்கா நிறுத்திவைத்த கோட்டுகள்

அவளை எல்லோரும் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கும் மெஷின் அவளுடையது. கணவர் போன பிறகு அந்த மெஷினை வைத்துத்தான் ஒரே மகனை ஆளாக்கினாள். ஆளானவன் என்ன செய்தான்? அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் படையில் சேர்ந்தான். இங்கே யாருக்கும் பெயர்கூட ஒழுங்காகச் சொல்ல வராத ஒரு நாட்டில், யாரோ யாருடனோ போடும் சண்டைக்குத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அக்காவுக்கு வாய் ஓயவில்லை. படையைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு. பஸ்ஸில் பேசினாள், மருந்துக்கடையில் பேசினாள், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு பேசினாள். வேடிக்கை என்னவென்றால், எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் "ரொம்ப சரிக்கா" என்றார்கள்.

கம்பெனியைப் பார்க்க வந்த தொகுதி எம்.பி.யையும் அவள் விடவில்லை, வழிமறித்துக்கொண்டாள்.

"அடுத்தவன் வீட்டுச் சண்டைக்கு எங்க பிள்ளைங்க எதுக்குங்க? எந்த வேலைக்கு அனுப்பினீங்கன்னு உங்களுக்கே தெரியல. அப்புறம் அது முடிஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"நானும் அதைத்தாம்மா சபையில சொல்லிட்டு இருக்கேன். குளிருக்கு முன்னாடி எல்லாரும் வந்துடுவாங்க," என்றார் அவர். கைகூடக் குலுக்கினார்.

மறுக்கிறவனிடம் மல்லுக்கு நிற்கலாம். தலையாட்டுகிறவனிடம் என்ன செய்வது? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே கட்டிங் மேஜையில் கனத்த துணி வந்து இறங்கியது. குளிர்க் கோட்டுக்கான துணி. கட்டிங் மாஸ்டர் அவளுடைய சொந்தத் தம்பி.

"அப்போ குளிருக்கும் அங்கதான் வெச்சிருக்கப் போறாங்களாடா?"

"துணி வந்தா வெட்டுறேன். என்னைக் கேட்டா எனக்கென்னக்கா தெரியும்?"

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோட்டே இல்லையென்றால் பனியில் படையை எப்படி வைத்திருப்பார்கள்? கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? வாழ்நாள் முழுக்கத் துணியோடு மட்டும் பழகியவர்களுக்குத்தான் இப்படியொரு நம்பிக்கை வரும். வேலையை இழுத்தடிப்போம் என்று அவள் சொன்னதும் காலர் வைப்பவள், கை தைப்பவள், இஸ்திரிக்காரர், எல்லோரும் சரி என்றார்கள். இந்தத் தடவை சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, பெல்ட் கழன்றது. தம்பி ஒரே துணியைத் திரும்பத் திரும்ப அளந்தான். மேனேஜர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அப்படியும் தைத்து வந்த கோட்டுகள் பட்டன் இல்லாமல் அவள் பக்கத்தில் குவிந்துகொண்டே போயின. மகன் போனதிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்தவள் நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மகனிடமிருந்து போன் வந்தது. குளிரில் அவனுக்கு நாக்கு குழறியது.

"எப்பப்பா வர்றே? கூப்பிட்டுட்டாங்களா?"

"எங்கம்மா கூப்பிடுறாங்க? இங்க அந்தப் பேச்சே இல்ல. பனி கொட்டுது. கோட்டு இன்னும் வரல. சட்டை மேல சட்டையப் போட்டுக்கிட்டு காவலுக்கு நிக்கிறோம். பக்கத்துல நின்னவன் நேத்து வெறைச்சு விழுந்துட்டான். உங்க கம்பெனியிலதானேம்மா தைக்கிறாங்க? கொஞ்சம் சீக்கிரம் அனுப்பச் சொல்லேன்."

ஊரெல்லாம் பேசித் தீர்த்தவள் அவனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"சரிப்பா," என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள். நேராகப் போய் மெஷினைப் போட்டாள். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலர் வைப்பவள்தான் கேட்டாள்.

"என்னக்கா, நிறுத்தச் சொல்லிட்டு நீயே தைக்கிறே?"

"தைங்கடி. வேகமா தைங்க. அவன் வர மாட்டான். கோட்டாவது போய்ச் சேரட்டும்."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே வேலையையும் விடவில்லை. தம்பி பக்கத்தில் வந்து நின்று, குவியலிலிருந்து கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு பட்டனுக்கும் நூலை இரண்டு தடவை ஓட்டினாள், அடுத்த குளிருக்கும் தாங்கட்டும் என்று.