நம்பர் இல்லாதவங்க வெளிய உக்காருங்க

"நீ யாரு? உன்ன யாரு கூப்ட்டா? நம்பர் இருக்கா? இல்லையா? அப்ப வெளிய போய் உக்காரு."

துளசி திட்டுவது மனிதர்களை அல்ல. கார்த்திகேசு அண்ணன் வீட்டு லேப்டாப்பில் யாரும் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை. ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுப் படிப்பாள், விசாரிப்பாள், அணைப்பாள். வானிலை சொல்வது, தள்ளுபடி விற்பனையைக் கூவுவது, எப்போதோ செத்துப்போன பிரிண்டருக்காக இன்னும் காத்திருப்பது, எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். வார நாள்களில் ஈப்போவில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பவள் அவள். நான் அதே கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அந்த வாய்க்குச் சனிக்கிழமையும் லீவு கிடையாது.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களின் கணினியைப் பதிவுக்குத் தயார்செய்து கொடுப்பது அவளுடைய சனி, ஞாயிறு வேலை. மைக் நன்றாக இருக்கும், மென்பொருள் நன்றாக இருக்கும், பாடுகிறவரும் சுமாராகப் பாடுவார். பதிந்து கேட்டால் நடுநடுவே கடுகு பொரிகிற மாதிரி 'டிக், டிக்' என்று கேட்கும். "ஒரே நேரத்துல நாலு பேரு வேல சொன்னா அது யாரு பேச்ச கேக்கும்? பாட்ட மட்டும் கேக்க விடணும்லா," என்பாள். அதற்காக வைஃபையைத் துண்டிப்பாள், அப்டேட்டைத் தள்ளிப்போடுவாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதியைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சோம்பேறி செட்டிங்! பாட்டு பாதில இருக்கறப்ப இது தூங்கப் போயிரும்."

இதில் ஒரு நீல நோட்டும் உண்டு. எதை மாற்றுவதற்கு முன்னும் அது எப்படி இருந்தது என்று அதில் எழுதிக்கொள்வாள். பதிவு முடிந்ததும் ஒவ்வொன்றையும் பழையபடி வைத்து, அந்த வரியை அடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "அடுத்தவங்க வீட்டு அடுப்புல சமைச்சா தொடச்சி வைக்கணுமா, வேணாமா?" ஒருமுறை காம்பாரில் ஒரு வீட்டில் ஒரே ஒரு வரியை மறந்துவிட்டாள் என்று பாதி வழியில் காரைத் திருப்பினாள். நான் பசியில் காந்திக்கொண்டு பக்கத்து இருக்கையில் இருந்தேன். அதைப் பற்றி இன்றுவரை ஒரு மன்னிப்பும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை வந்திருந்தது சுங்காய்ப் பக்கம், ஒரு பழைய ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு. ரப்பர் போய்ச் சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. கார்த்திகேசு அண்ணன் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்து மாரியம்மன் மேல் அவரே கட்டிய பாட்டைத் திருவிழாவில் அவர்தான் பாடுவார், வேறு யாருக்கும் அந்த உச்சி எட்டாது. திங்கட்கிழமை அவருக்குத் தொண்டையில் ஆப்பரேஷன். குரல் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதனால்தான் இன்றைக்கே பதிவு.

முதலில் சோதனை. துளசி காற்றாடியை நிறுத்தினாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். "ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடாதீங்க." நிஜமாகவே விடாமல் இருந்து எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு 'டிக்' கூட இல்லை. "இப்பதான் மெசினு!" என்று மார்தட்டிக்கொண்டாள்.

அண்ணன் பாடத் தொடங்கினார். லோரி மாதிரியே குரல், ஏற்றத்தில்தான் அதன் பலம் தெரியும். இரண்டாம் சரணத்தில் மலைப் பக்கம் எங்கேயோ இடி உருண்டது. அவ்வளவுதான். அவர் மனைவி பாப்பா அக்கா கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து, சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினார். திரை மங்கியது. துளசியின் ஹெட்போனில் 'டிக், டிக், டிக்.'

"அலாமா!" என்று தலையில் கைவைத்தாள் துளசி. கரண்டு ஓடும்போது ஒரு செட்டிங், பேட்டரியில் ஓடும்போது வேறொரு செட்டிங். கரண்டுப் பக்கத்தை மட்டும் கட்டிவைத்துவிட்டு, பேட்டரிப் பக்கத்தைச் சோம்பேறியிடமே விட்டுவிட்டிருந்தாள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்காத வீடு பேராக்கில் எங்கே இருக்கிறது? அதை மறந்தது இவள் தப்புதான். அவளே ஒப்புக்கொண்டாள், அது ஒரு அதிசயம்.

"மறுபடி சொருகட்டுமாக்கா?" என்றேன்.

"தாக் போலே, கூடாது!" பாப்பா அக்கா பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றார். "காதுல வயர மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. இடி எறங்குனா? எனக்குப் பாட்டும் வேணும், ஆளும் வேணும்."

அண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டார். "இன்னும் ஒரு வாட்டிதான் கொரலு வரும், துளசி. அதுக்கு மேல முடியாது." வெளியே வானம் கறுத்துவிட்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டாவது, பதிவாவது!

"கன்சியோங் ஆவாதீங்க அண்ணே," என்றாள் துளசி. பதற்றம் முழுக்க அவள் விரலில்தான் இருந்தது. பேட்டரிப் பக்கத்தையும் திறந்து, சோம்பேறியை வெளியே தள்ளி, நீல நோட்டில் பத்தொன்பதாவது வரியை எழுதினாள். பேட்டரியில் முப்பத்தோரு சதவீதம். "போதும். பாடுங்க."

முதலிலிருந்து பாடினார். மூன்றாம் சரணத்தின் உச்சிக்கு அவர் ஏறியபோது பாப்பா அக்காவின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே ஏறின. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டு முடிந்து துளசி ஐந்து வரை எண்ணிப் பதிவை நிறுத்தினாள். பிறகுதான் தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது.

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். பாட்டு மட்டும்தான் இருந்தது.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்லா வந்திருக்கும்மா. எல்லாத்தையும் பழையபடி வச்சிரு. மருமகப்புள்ள கேம் வெளாடட்டும். இனிமே எனக்கு எதுக்கு இது?"

பாப்பா அக்கா மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். துளசி நீல நோட்டை விரித்தாள், பேனாவைத் திறந்தாள், பத்தொன்பது வரிகளையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். எதையும் பழையபடி மாற்றாமல், ஒரு வரியைக்கூட அடிக்காமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, லேப்டாப்பை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.