இடது பக்கம் பாடாத பெட்டிகள்

செருப்பை வாசலில் விட்டு, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, செம்புத் தண்ணீரில் கொப்பளித்து, துண்டு நுனியால் இரண்டு காதையும் துடைத்துக்கொண்ட பிறகுதான் ஐயம்பெருமாள் ஹெட்போனைத் தொடுவார். அதை மாட்டிக்கொண்டு அவர் கண்ணை மூடினால், திருநெல்வேலி ஜங்ஷனில் நூர்முகம்மது பாயின் ரேடியோக் கடைக்குள் யாரும் இருமக்கூடாது. பாட்டில் முதல் சரணம் முடியும்வரை அசைய மாட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, பாயையும் என்னையும் விட்டுவிட்டு, மேசைமேல் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"வலது பக்கம் பாடுதான். இடது பக்கம் முனங்குதான். இது சரிப்படாது பாய்."

ஐயம்பெருமாள் பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸின் பெயரை எழுத மாட்டேன். முதலாளி பத்திரிகை படிக்கிற ஆள். பெயர் தேவையும் இல்லை, எங்கள் பக்கத்தில் 'ஐயம்பெருமாள் வண்டி' என்றால் போதும். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் முன்னால் காலியாக வருகிற பஸ்ஸைப் போகவிட்டு, இந்த வண்டிக்காக வெயிலில் நிற்பார்கள். எல்லாம் பாட்டுக்காகத்தான்.

கேசட்டுகளைப் பழைய பனியன் துணியில் சுற்றித் தலைக்குமேல் உள்ள பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். வாரம் ஒருமுறை யூடிகோலோன் தொட்ட பஞ்சால் செட்டின் உள்வாயைத் துடைப்பார். காலை டிரிப்பில் சோகப் பாட்டு கிடையாது. "வேலைக்குப் போற சனத்த அழவைக்கப்படாது சார்வாள். சாயங்காலம் திரும்பயில அழட்டும்" என்பது அவர் கொள்கை. ஒரு பாட்டில் தபேலா எந்த இடத்தில் பிசகியது, எந்தக் கேசட் ஒரிஜினல், எது பஜாரில் பதிந்தது என்றெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்லுவார். ஊரும் அவர் காதை மெச்சியது. அவருக்கும் அந்தக் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சத்தம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. பின்னால் வரும் போட்டி வண்டியை அமுக்கத்தான் அப்படி வைக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர் பேச்சும் அப்படியே. டீக்கடையில் அவர் ரகசியம் சொன்னால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் தலையாட்டுவார்கள்.

வீட்டில் இந்தச் சத்தம் செல்லவில்லை. மகள் அனுராதா பிளஸ் டூ. அவர் ரேடியோவைத் திருகினால் அவள் புத்தகத்தை மூடிவிட்டு அழுவாள். ஒருநாள் மனைவி ஆவுடைத்தாய் ரேடியோவின் வயரைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். விஷயம் சவூதியில், தம்மாமில் இருக்கும் மைத்துனர்வரை போயிற்று. அவர் அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு ஹெட்போனைக் கேட்டு வாங்கி, விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து மச்சானின் தலையில் மாட்டினார். குடும்பத்தில் சமாதானம் பிறந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஹெட்போன் லேசில் வாய் திறக்கிற ஜாதி இல்லை. வாக்மேனில் செருகினால் கொசு பாடியது. வீட்டு டேப்ரிக்கார்டரில் செருகினால் இரண்டு கொசு பாடின. உள்பக்கம் அறுநூறு ஓம் என்று போட்டிருந்தது. ஓம் என்றால் என்ன என்று கேட்டு என்னிடம் வந்தார். நான் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன், தினமும் அம்பாசமுத்திரத்தில் அவர் வண்டியில் ஏறுகிறவன். இதை இயற்பியல்காரரிடம் கேட்க வேண்டும் என்றேன். வாத்தியாரில் என்ன அந்த ஜாதி இந்த ஜாதி என்று விடவில்லை. சாதாரண ஹெட்போனைவிட இதற்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும், தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப இது லோடு வண்டி. மேட்டுல மொத கியரு போடணும்" என்று சரியாகப் புரிந்துகொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கூடவே, எல் என்று போட்டிருப்பது இடது காதுக்கு, ஆர் வலது காதுக்கு என்றும் சொல்லித் தொலைத்தேன். அதன்பிறகு அதை மாற்றி மாட்ட அவரைச் சம்மதிக்க வைக்க ஆண்டவனாலும் முடியாது. "நீங்க செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு நடப்பீங்களா சார்வாள்?" என்பார்.

போன பொங்கலுக்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு விழுந்தால் என் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. மஞ்சள் பையில் ஹெட்போனோடு வந்து வாசலில் நிற்பார். மதுரையில் இதற்கென்றே ஒரு வெளிநாட்டுப் பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு விலை விசாரித்தோம். அந்தக் காசுக்கு வண்டிக்கு டயரே மாற்றிவிடலாம் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தார். கைக்கு எட்டுகிற விலையில் எங்களுக்குக் கிடைத்தவை மூன்று. முதலாவது, நூர்முகம்மது பாயே பஸ் செட்டுகளில் வைக்கிற சின்னச் சர்க்யூட்டுகள் இரண்டை, காதுக்கு ஒன்றாக, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துச் செய்தது. இருப்பதில் மலிவு அதுதான். பார்க்க அஞ்சறைப்பெட்டி மாதிரி இருக்கும். இரண்டாவது, கல்லிடைக்குறிச்சி மைக்செட் அப்பாத்துரையிடம் இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். பாட்டு இனிப்பாகத்தான் வந்தது, ஆனால் கீழே ஓர் உறுமலும் சேர்ந்தே வந்தது. மூன்றாவது, பாய் யாரிடமோ பேசி வரவழைத்த பழைய பம்பாய்ப் பெட்டி. மூன்றையும் ஐயம்பெருமாள் ஒரே குற்றத்துக்காகத் தள்ளினார். இடது பக்கம் பாடவில்லை.

பாய் வயரை மாற்றினார். பற்றவைத்ததைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைத்தார். தன் காதில் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாகத்தான் வருகிறது என்றார். நானும் வைத்துப் பார்த்து அதையே சொன்னேன். ஐயம்பெருமாள் எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். "பாய், நீரு ரிப்பேர் பாக்குத ஆளு. பாட்டு கேக்குத காது வேற" என்றார். எனக்குப் பையன்களிடம் கத்திக் கத்திக் காது மந்தமாகியிருக்கும் என்று காரணமும் கண்டுபிடித்தார். எனக்குக் கோபம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்ததால் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இதற்கு நடுவில்தான் பத்தமடையில் அந்தக் காரியம் நடந்தது. வண்டியில் ஹாஜா என்று மேலப்பாளையத்துப் பையன் கண்டக்டர். வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு விசில் கொடுத்தால் நில், இரண்டு கொடுத்தால் போ. ஆட்கள் இறங்கியதும் ஹாஜா இரண்டு விசில் கொடுத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஆறுமுகத்தாய் என்கிற அம்மாள் மறந்துவிட்ட கோரைப்பாய்க் கட்டை எடுக்கத் திரும்பப் படியில் கால் வைத்திருக்கிறார். உடனே ஒரு விசில் ஊதினேன் என்கிறான் ஹாஜா. வண்டி நிற்கவில்லை. அந்த அம்மாள் விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது.

நான் அன்றைக்கு வண்டியில் இல்லை. இருந்தவர்களைக் கேட்டால், பாட்டுத்தான் கேட்டது என்றார்கள். நிறுத்தச் சொல்லி விசில் வரவே இல்லை என்று ஐயம்பெருமாள் பாபநாசம் கோயில் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. தபேலா பிசகுவதைக்கூடக் கண்டுபிடிக்கிற காதுக்கு விசில் தப்புமா என்று முதலாளியும் கேட்டார். ஹாஜாவின் தோல்பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விசில் ஊதாத கண்டக்டர் என்று பெயர் விழுந்ததால் வேறு எந்த வண்டியிலும் அவனை ஏற்றவில்லை. மாமாவின் வெங்காயக் கடையில் மூட்டை தூக்கினான். பெண் வீட்டார் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாய்ப் பெட்டியை இரண்டாம் முறையாகக் கேட்டுவிட்டு ஐயம்பெருமாள் அதே தீர்ப்பைச் சொன்னார். நூர்முகம்மது பாய்க்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து, அவர் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, முன்னும் பின்னும் திருப்பி, எல் வலப்பக்கம் வரும்படி மாட்டிவிட்டார். ஐயம்பெருமாள் தடுக்கக் கை தூக்கினார். பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லும் வே. எந்தப் பக்கம் முனங்குதான்?"

ஐயம்பெருமாள் கண்ணை மூடவில்லை.  தாமே ஹெட்போனைக் கழற்றி முன்போல மாட்டினார். மறுபடி திருப்பி மாட்டினார். எப்படி மாட்டினாலும் முனங்குவது இடது பக்கந்தான். நாலைந்து தடவை இப்படிச் செய்தார். பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம்தான் இஞ்சின். ஓட்டிய வருஷமெல்லாம் அதன் மூடி அவருடைய இடது காதோரம் இரைந்திருக்கிறது.  பாய் தலையைக் குனிந்து, முறுக்க வேண்டாத ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மரப்பெட்டியே போதும் பாய். எடுத்து வையும்" என்றார் ஐயம்பெருமாள். "நல்ல பெட்டி. மூணு பெட்டியவும் சும்மா குத்தம் சொல்லிட்டேன்." ஹெட்போனை மஞ்சள் பைக்குள் வைத்தார். "பெட்டிய மட்டுமா சொன்னேன்."

அங்கிருந்து நேரே பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் முதலாளியின் ஆபீசுக்குப் போனார். கூப்பிடாமலே நானும் கூடப் போனேன். கடையில் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, ஹாஜா அன்றைக்கு ஊதியிருப்பான், எனக்குத்தான் கேட்டிருக்காது என்றார். முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் சத்தமில்லாமல் காதைக் காட்டச் சொன்னார். அதுவரைக்கும் வேறு ஆள் ஓட்டட்டும், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"காது போனவன் ஓட்டுதான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், அப்புறம் ஒம்ம வண்டில ஈ ஏறாது. யாரும் ஒம்மள ஸ்டியரிங்கத் தொடவிட மாட்டாவ. பையன ரெண்டு மாசம் கழிச்சு எதுலயாவது போடுதேன். நீரு வெளிய வாயத் தொறக்காதீரும்."

 ஐயம்பெருமாள் சுவரில் ஆணியில் தொங்கிய ஹாஜாவின் தோல்பையை எடுத்துத் தம் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மேலப்பாளையம் பஜாரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெங்காயக் கடை வாசலில் கைலியை மடித்துக் கட்டி ஹாஜா மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வண்டியில் தினம் வருகிற வியாபாரி ஒருவரும் அங்கே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். டிரைவரைப் பார்த்ததும் சலாம் வைத்தார். ஐயம்பெருமாள் தோல்பையை இறக்கி ஹாஜாவிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. அவருக்கு இடது பக்கமாக, மூட்டைக்குப் பின்னால் நின்றபடி, தரையைப் பார்த்து ஏதோ சொன்னான். மெல்லத்தான் சொன்னான், ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் அன்னைக்கு விசில் அடிச்சேன் அண்ணாச்சி."

ஐயம்பெருமாள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை என்று தெரிந்தது. நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"எனக்கு அந்தக் காது கேக்காதுலே" என்றார், பஜாருக்கே கேட்கிற அவருடைய வழக்கமான குரலில். வெங்காயம் பொறுக்கியவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்க்கடையிலும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயம்பெருமாள் மூட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், குனிந்து, வலது காதை ஹாஜாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார்.