அரிவாள் வளைவுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அறுபதுகளில் திண்டிவனத்தில் ஓர் அரசாங்க ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, பிறருக்காக இங்கிலீஷில் கெஞ்சுவதே என் தொழில். மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பதில் வராத மனு

பெருமுக்கல் விவசாயி கோவிந்தசாமியின் நிலம் ஏரியைச் சுற்றி வளைந்து கிடந்தது. புதுச் சாலைக்காக அதன் நடுவில் கல் நட்டுவிட்டார்கள். கிணறு இருந்ததும் அங்கேதான். அது போனால் மல்லாட்டைக் கடலையும் போச்சு, கேப்பையும் போச்சு. சாலையைச் சற்றுத் தள்ளிப் போடும்படி நான் எழுதிய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை.

மூன்றாவதில் 'வளைந்த நிலம்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபால்கேட்' என்று அடித்தேன். அரிவாள் போல வளைந்தது என்று பொருள். இலைக்கும் பறவைச் சிறகுக்கும் சொல்வார்கள். நிலத்துக்குச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். புரியாத வார்த்தையைக் கண்டால் அதிகாரி கூப்பிட்டே தீருவார் என்று அடித்துச் சொன்னேன். கோவிந்தசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புரியிற மாதிரி எழுதியே கூப்பிடலீங்க, புரியாம எழுதினா கூப்பிட்டுடுவாங்களா?"

மேசைமேல் அரிவாள்

அந்த வாரமே எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அதிகாரி அந்த வார்த்தையின் கீழ் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். "என்னய்யா இது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், அறுப்பிலிருந்து நேராக வந்திருந்த கோவிந்தசாமி இடுப்பிலிருந்த கதிர் அரிவாளை உருவிவிட்டார். பியூன் கதவுக்குப் பின்னால் மறைந்தார். நானும் இரண்டடி பின்வாங்கினேன். கோவிந்தசாமியோ அதை மேசைமேல் வைத்து, வளைவின் நடுவில் விரலை ஊன்றினார்.

"இதாங்க நெலம், இங்கதாங்க கெணறு. இங்க வெட்டிட்டா பிடி ஒரு பக்கம், மொனை ஒரு பக்கம். அப்புறம் எதை வச்சிக்கினு நான் அறுக்கிறது?"

சதுர மனை

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். கல் நகர்ந்தது, கிணறு பிழைத்தது. அந்தத் தண்ணீரை நானே போய்க் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு விழுப்புரத்துக்குக் கடையை மாற்றினேன். எனக்கு முன்பே அந்த வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கண்டமங்கலத்து அம்மாள் ஒருவர், வீட்டு மனைக்குப் பட்டா கேட்க வந்தவர், அதையே போடச் சொன்னார். மனையோ நல்ல சதுரம். பொருந்தாது என்று எவ்வளவோ சொன்னேன்.

"மனை நேராத்தாங்க கீது. அலைஞ்சு அலைஞ்சு பேஜாராகி நான்தான் வளைஞ்சு போயிட்டேன். என் பேருக்கு முன்னாடி போடுங்க, ஜல்தி!"

போட்டேன், அவரையும் கூப்பிட்டார்கள். அந்த வார்த்தைக்கு, அதிகாரியை நாற்காலியிலிருந்து எழுப்புவது என்ற முக்கியமான பொருளை அகராதிக்காரர்கள்தான் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.