நின்றுபோன பெட்டைக் குதிரைப் பந்தயமும் செஞ்சியில் ஒரு பகலும்

காலை 6.10. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து கிளம்பியபோது என் மடியில் ஒரு பை இருந்தது. பையில் முப்பது வருடம் பழைய தாள் ஒன்று. அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாலு முறை தோன்றியது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பாரோ என்று எடுக்கவில்லை. அவர் மேல்மருவத்தூர் வரை தூங்கிக்கொண்டுதான் வந்தார்.

நான் எழுதிக்கொண்டிருப்பது ஒரு குதிரைப் பந்தயத்தின் வரலாறு. இரண்டு வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கென்று மட்டும் சென்னையில் ஒவ்வொரு பனிக்காலத்திலும் நடந்த பந்தயம். ஆயிரத்து இருநூறு மீட்டர், ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆண் குட்டிகளோடு ஓடவிட்டால் பெட்டைகள் பின்தங்கிவிடும், அவற்றின் தரம் தெரியாமலே போய்விடும் என்று குதிரைப் பண்ணைக்காரர்கள் கேட்டு வாங்கிய பந்தயம் அது. அதில் ஜெயித்த குட்டி நாளைக்கு நல்ல தாயாகும் என்பது கணக்கு. பிறகு பண்ணைகள் குறைந்தன, பெயர் கொடுப்பவர்களும் குறைந்தார்கள். கடைசி வருடம் ஓடியவை ஆறே குட்டிகள். அந்த வருடம் முதலாவதாக வந்தது இரண்டு வயதுக் குட்டியே அல்ல, அதே நிறத்தில் இருந்த மூன்று வயதுக் குதிரை என்று சில வாரம் கழித்துப் பல்லைப் பார்த்த மருத்துவர் சொன்னார். கோப்பையைத் திரும்ப வாங்கினார்கள். விசாரணை நடந்தது. அடுத்த வருட நிகழ்ச்சி நிரலில் அந்தப் பந்தயம் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

பழி விழுந்தது ஏகாம்பரம் என்ற சைஸ் மேல். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, பந்தயத்தன்று கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டுகிறவரைத்தான் சைஸ் என்போம். வாசல் சோதனைக்குப் பிறகு, சேணம் கட்டும் இடத்துக்குப் போகும் வழியில், அதே லாயத்தின் வேறொரு குதிரையை அவர் மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார் என்பது தீர்ப்பு. தவறியோ வேண்டுமென்றோ. வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது நான் அங்கே அலுவலக எழுத்தர், வயது இருபத்தாறு.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். "என் பேர் தமிழரசி சார். செஞ்சியில சர்வேயரா இருக்கேன். ஏகாம்பரம் பொண்ணு. நீங்க அந்த ரேஸ் பத்தி புக் எழுதறீங்களாம். எங்க நைனா பேரு அதுல எப்படி வருதுன்னு தெரியணும்."

புத்தகம் எழுதுவதை நான் மூன்று பேரிடம்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கு யார் சொன்னது? கேட்டேன். "தெரிஞ்சிச்சு சார்" என்றாள். அந்த ஒரு வார்த்தை ஒரு மாதம் என் காதில் கிடந்தது.

காலை 9.35. திண்டிவனத்தில் இருபது நிமிடம் நின்று, அங்கிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். வேர்க்கடலைக் காடுகளுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே பாறைக் குன்றுகள் வரத் தொடங்கின. யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியதுபோல உருண்டைப் பாறைகள். செஞ்சி நிலையத்தில் இறங்கியதும் ஒரு ஆட்டோ என் காலருகே வந்து நின்றது.

"சார், கோட்டைக்குத்தான? ஏறுங்க."

"கோட்டைக்குன்னு யார் சொன்னது?"

ஓட்டுநர் சிரித்தார். "பை வெச்சிகினு, கண்ணாடி போட்டுகினு, வெள்ளச் சட்டையில ஒருத்தர் எறங்குவாருன்னு அக்கா சொல்லிச்சு. தமிழக்கா. உங்கள ஏமாத்திக் கூட்டினு போயி நான் இன்னா சார் பண்ணப்போறேன்?"

நான் அவளிடம் கண்ணாடியைப் பற்றிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னபோது வேண்டாம், கோட்டையில் பார்க்கலாம் என்று சொன்னதும் அவள்தான். எதையோ முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. திருவண்ணாமலைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர். வழியில் ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு லாரி ஒர்க்ஷாப், ஒரு திருமண மண்டபம், மூன்றின் சுவரிலும் முன்னங்கால் தூக்கிய குதிரை வரைந்திருந்தது. இந்த ஊரில் குதிரை என்றால் கோட்டையை ஆண்ட ராஜா ஏறியது மட்டும்தான்.

காலை 10.05. ராஜகிரிக் கோட்டை வாசலில் நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். தமிழரசி வேப்ப மர நிழலில் நின்றிருந்தாள். முப்பது, முப்பத்தோரு வயதிருக்கும், பருத்திப் புடவை, தோளில் அலுவலகப் பை. அவள் அப்பா பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய, ஒடுங்கிய, நிமிர்ந்த உடம்பு. வேலை போன பிறகு இங்கே ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். பிறகு என் முகத்தை அளவுக்கு மீறிய நேரம் பார்த்தார்.

"வீட்டுக்குக் கூப்புடலன்னு தப்பா நெனைக்காதீங்க சார்" என்றாள் தமிழரசி. "ரேஸ் ஆளுங்கன்னு முன்னாடி ரெண்டு தடவ வந்தாங்க. பேப்பர்ல கையெழுத்து வாங்கத்தான் வந்தாங்க. தெருவே பாத்துச்சு. இனிமே அது வாணாம்."

ஆக, அவர்களுக்கும் என்மேல் சந்தேகம்தான்.

இவர் உண்மையான சைஸ்தானா என்றே எனக்கு உறுதியில்லை. முப்பது வருடம் கழித்து யார் வேண்டுமானாலும் ஏகாம்பரம் என்று சொல்லிக்கொண்டு வரலாம். கோட்டைக்குள் கல்யாண மகாலைச் சுற்றி வரிசையாக வளைவு வைத்த அறைகள் இருக்கின்றன. குதிரை லாயம் என்று சொல்லிக் காட்டுகிறார்கள். அங்கே அழைத்துப் போய், "எப்படி இருக்கு உங்க ஊர் லாயம்?" என்று கேட்டேன்.

அவர் வாசலில் குனிந்து நுழைந்தார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். பின்சுவர் வரை நடந்தார்.

"இதுல குதிரய நிக்க வெச்சிருந்தா பாவம் சார். மூத்தரம் போறதுக்கு வாட்டமே இல்ல பாருங்க. ஒரே வாரத்துல கொளம்பு அழுவிப்பூடும். மனுசன்தான் இருந்திருப்பான்."

அது ஒரு சைஸின் பதில்தான். என் முதல் சந்தேகம் போனது. அடுத்ததற்காகப் பையைத் திறந்தேன்.

அது பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்த அந்த இரண்டு வயதுக் குட்டியின் அடையாளத் தாள், நகல். பதிவான ஒவ்வொரு பந்தயக் குதிரைக்கும் இப்படி ஒன்று உண்டு. அச்சடித்த குதிரைப் படத்தில் அதன் வெள்ளைக் குறிகளையும் சுழிகளையும் மருத்துவர் வரைந்திருப்பார். நிறம் ஒன்றாக இருக்கலாம், கால் வெள்ளை ஒன்றாக இருக்கலாம், சுழி மட்டும் மாறாது. தாளைக் காட்டாமல், அன்று அவர் கையில் பிடித்த குதிரையின் நெற்றியை வரையச் சொன்னேன்.

தமிழரசி பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தாள். அவர் என் நோட்டில் நீண்ட முகம் ஒன்றை வரைந்தார். கண்களுக்கு நடுவே ஒரு சுழி போட்டார். கொஞ்சம் யோசித்து, அதை ஒட்டியே இன்னொன்று போட்டார்.

என்னிடமிருந்த தாளில் ஒற்றைச் சுழிதான் இருந்தது.

"ரெட்டச் சுழியா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"தெனம் ரெண்டு வேள பிரஷ் போட்ட நெத்தி சார். எப்பிடி மறக்கும்?"

தமிழரசியின் முகம் மலர்ந்தது. நில அளவைக்காரி அல்லவா, உடனே புரிந்துவிட்டது. "அப்போ அந்தக் குட்டின்னு சொல்லி லாயத்துக்கு வந்ததே வேற குதிர. நைனா வழியில மாத்தல. எழுதிக்கங்க சார்."

நான் எழுதவில்லை. "உங்களுக்கு அது எப்போ தெரியும்?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ரேசுக்குப் பன்னண்டு நாள் முன்னாடி. பேப்பர் ட்ரெய்னர் மேசமேல கெடந்துச்சு. படம்தான, எனக்குக்கூட புரியும். ஒத்தச் சுழி போட்டிருந்துச்சு. அவருகிட்ட சொன்னேன். உன் வேலயப் பாருன்னாரு. நான் பாத்துகினு இருந்துட்டேன்."

"தெரியுமா?" என்றாள் தமிழரசி. "உனக்குத் தெரியுமா நைனா? நான் ஸ்கூல்ல படிக்கும்போதிருந்து, எங்கப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்ட போட்டிருக்கேன்."

"நீ கைக்கொழந்த. அவ்ளோதான் நெனச்சேன். வேல போயிடும்னு பயம்."

"அந்த வேலதான் போச்சே."

அவள் எழுந்து வளைவுக்கு வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு குரங்கு வந்து அவள் பையை இழுத்தது. அவள் விரட்டவில்லை. நான்தான் போய் விரட்டினேன்.

திரும்பி வந்தபோது ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார். "சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு கேட்டாண்ட பேப்பர் வெச்சிகினு நின்னது நீங்கதான?"

அப்போதுதான் புரிந்தது. காலையில் அவர் என் முகத்தில் தேடியது அதைத்தான்.

நான்தான். வாசல் சோதனை எழுத்தர் நான். தாளையும் குதிரையையும் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. அன்று நேரமாகிவிட்டது. குதிரைக்கு வேர்க்கிறது, சீக்கிரம் விடு என்று பயிற்சியாளர் என் தோளில் கை போட்டார். நிறத்தைப் பார்த்தேன், கால் வெள்ளையைப் பார்த்தேன், டிக் அடித்தேன். நெற்றியைப் பார்க்கவில்லை. விசாரணையில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்றேன். வாசலில் சரியான குதிரை வந்தது என்று நான் சொன்னதால்தான், அதற்குப் பிறகு மாற்றினது யார் என்ற கேள்வி வந்தது. அப்போது கயிறு யார் கையில் இருந்தது? ஏகாம்பரத்தின் கையில். இத்தனை வருடமாகப் பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லி நானே அதை நம்பியிருந்தேன். புத்தகத்துக்கென்று அந்த அத்தியாயத்தை எழுதியபோதும் அப்படித்தான் எழுதினேன்.

"நான்தான்" என்றேன். "நெத்தியைப் பார்க்கல."

"தெரியும் சார். கயித்தப் புடிச்சிகினு பக்கத்துலதான நின்னேன். நீங்க பாத்துடுவீங்களோன்னு உங்க கண்ணையே பாத்துகினு இருந்தேன். பாக்காம உட்டப்போ, அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாதான் என்னக் கவுத்துச்சு" என்றார்.

தமிழரசி இதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி என்னிடம் வந்தாள். "இத எழுதுவீங்களா சார்? உங்க பேரோட?"

"எழுதுவேன்."

"எங்க நைனாவுக்குத் தெரியும்ங்கறதயும்?"

"அதையும்."

நம்பாமல் பார்த்தாள். பிறகு என் நோட்டை வாங்கி, தேதி போட்டு, நான் சொன்னதை நாலு வரியில் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். போனில் படமும் எடுத்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மதியம் 1.20. பேருந்து நிலையத்துக்கு எதிர் ஓட்டலில் மூவரும் சாப்பிட்டோம். புத்தகத்தைப் பற்றியும் என் கண்ணாடியைப் பற்றியும் அவளுக்குச் சொன்னது, நான் விஷயத்தைச் சொல்லியிருந்த மூவரில் ஒருவர்தான் என்று அங்கேதான் தெரிந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கு மோர் ஊற்றும்போது அவள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சென்னைப் பேருந்து வந்தது. படியில் கால் வைத்தபோது ஏகாம்பரம் கேட்டார்.

"சார், அவ அப்புறம் இன்னா ஆனா? என்ன அனுப்பிட்டப்புறம்?"

அந்தக் குதிரையைத்தான் கேட்கிறார். நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். யார் சொந்தக்காரர், யார் ஜாக்கி, யார் பொய் சொன்னது எல்லாம் தேடினேன். வேறொரு குட்டியின் பெயரில் ஓடவைக்கப்பட்ட அந்தக் குதிரையைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பண்ணைக்கு அனுப்பிட்டாங்க" என்றேன். "நல்லா இருந்துச்சு. குட்டி போட்டுச்சு."

"பொட்டையா?"

"பொட்டைதான்."

தமிழரசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

திண்டிவனம் வரும்வரை அதுவே அரித்தது. பொய் சொல்கிறவர்களைப் பார்க்கப் போகிறேன் என்று காலையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பியவன் நான். அன்று அந்த ஊரில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். கோப்பையைத் திரும்ப வாங்கிய தேதிக்குப் பிறகு அந்தக் குதிரையைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாம் நாள் தமிழரசிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள். "நைனாவுக்கும் தெரியும். வயச மறச்சி ஓட்டுன குதிரன்னு தெரிஞ்சப்புறம் அத வெச்சிகினு எவன் தீனி போடுவான்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. ஆனா டீக்கடையில போயி, பொட்டக் குட்டி போட்டுச்சாம்ன்னு சொல்லிகினு இருக்காரு. இருக்கட்டும் உடுங்க."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "புக்ல மட்டும் அத எழுதிடாதீங்க" என்றாள்.

எழுதவில்லை. அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் என் பெயரும் இருக்கிறது, ஏகாம்பரத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே தெரியும் என்பதும் இருக்கிறது. அதற்குக் கீழே, குதிரை பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை என்று எழுதி முடித்தேன்.