விதைக் கவர்

ஆறாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். பிளாஸ்டிக் குப்பையை ஒழித்ததற்காகக் கொடுத்தார்கள். அந்தக் கதையைச் சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும், இப்போது அப்பாவே அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஒருநாள் அறிவியல் டீச்சர் வாசலில் கிடந்த பிஸ்கட் கவர்களைக் காட்டி, "இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு?" என்று கேட்டார். கடைக்காரர் என்றான் ஒருவன். கம்பெனிக்காரன்தான் என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. நான் எழுந்து, "வாங்கினவங்கதான் டீச்சர்" என்றேன். எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கையோடு ஒரு போட்டியும் வைத்தார். காலிக் கவர்களைத் தண்ணீர் பாட்டிலுக்குள் குச்சியால் இடித்து அடைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாட்டில்களைச் செங்கல்போல் அடுக்கிப் புங்கமரத்தைச் சுற்றி மேடை கட்டுவார்கள். அதிகம் கொண்டுவருபவருக்குப் பரிசு.

எனக்குப் பேய் பிடித்துக்கொண்டது. தீரும்வரை பொறுக்க முடியாமல் அம்மாவின் மசாலாப் பாக்கெட்டுகளை டப்பாக்களில் கொட்டிவிட்டுக் கவர்களை எடுத்துக்கொண்டேன். "எது சாம்பார் தூளு, எது கறி மசாலான்னு மோந்து பாத்து ஆக்க வெச்சிட்டா" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். வீடு தீர்ந்ததும் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் விதை விட்டால், என்ன ரகம் என்று தெரிவதற்காகக் காலிக் கவரை நாற்றங்கால் ஓரத்தில் ஒரு குச்சியில் செருகி வைப்பார்கள். அப்பாவின் தக்காளி நாற்றங்காலில் அப்படி ஒன்று சிவப்பாகப் பளபளத்தது. உருவிக்கொண்டேன். குச்சியை மட்டும் ஒழுங்காகத் திரும்ப நட்டு வைத்தேன்.

பரிசு வாங்கினேன். பாட்டில்கள் சிமெண்ட் வராமல் வகுப்பு மூலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தன.

அதற்குள் செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. காய்கள் மட்டும் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுபோயின. அந்த வருஷம் கிணற்றில் இருந்த தண்ணீரையெல்லாம் அப்பா தக்காளிக்கே விட்டிருந்தார். வேறு வெள்ளாமை கிடையாது. விதைதான் கோளாறு என்று அப்பா நஷ்ட ஈடு கேட்கப் போனால், விதைக் கடைக்காரர், "கவரக் கொண்டாங்க. அதுல இருக்கிற லாட் நம்பர் இல்லாட்டி, எங்க விதையே இல்லன்னு கம்பெனியில கைய விரிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா நேராக நாற்றங்காலுக்குப் போனார். குச்சி இருந்தது.

காற்றில் பறந்திருக்கும் என்றாள் அம்மா. ஆடு தின்றிருக்கும் என்றார் அப்பா. மூன்று நாள் வேலியோரமெல்லாம் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். நான்காம் நாள் காலை அப்பா சாப்பாடு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பள்ளிக்கூடத்துல பாட்டிலுக்குள்ள இருக்குதுப்பா" என்றேன்.

அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டியைக் கிளப்பும் சத்தம்தான் கேட்டது. "ஏறு பாப்பா" என்றார்.

நேரம் பார்த்து அன்றைக்குத்தான் கொத்தனார் வந்திருந்தார். முதல் வரிசை வைத்தாகிவிட்டது. "புள்ளைங்க ஆசையா அடைச்சதுங்க" என்று டீச்சர் தயங்கினார்.

"ஒரே ஒரு கவருங்க டீச்சர். அது இல்லன்னா இந்த வருசம் எங்க வூட்டுல ஒண்ணுமே இல்லைங்க" என்றார் அப்பா.

டீச்சர் கொத்தனாரை நிறுத்தச் சொன்னார். என் பாட்டில்களை வேறு யாரும் தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாதே என்று கழுத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருந்தேன். அந்த அற்பப் புத்திதான் அன்று காப்பாற்றியது. பொட்டு வைத்ததையெல்லாம் பொறுக்கி, அரிவாளால் ஒவ்வொன்றாகக் கிழித்தோம். ஏழாவது பாட்டிலின் அடியில் சிவப்புத் தெரிந்தது. அப்பா கவரைத் தொடையில் வைத்து நீவி, நம்பரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு மணல் குவியலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நான் அழுதேன். அவ்வளவு நிம்மதியாக அதற்குப் பிறகு நான் அழுததில்லை.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர் காரில் வந்தார். செடியைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், கவரைத் தன் பைக்குள் வைக்கப் போனார். "இத நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறங்க" என்றார். எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. எத்தனையோ கம்பெனிகளின் கவர்களை இடித்து அடைத்திருக்கிறேன், தேடி வந்து திருப்பிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். ஓடிப்போய், கிழித்த பாட்டில்களிலிருந்து வந்த அதே கம்பெனியின் பழைய கத்தரி, வெண்டைக் கவர்களையும் அள்ளிவந்து நீட்டினேன். "இதுவும் உங்களுதுதாங்க சார்."

அவர் அசடு வழிந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா அவர் கையிலிருந்த தக்காளிக் கவரை மெதுவாக வாங்கிக்கொண்டார். "ஜெராக்ஸ் தரங்க. இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார், பிடியை மட்டும் விடவில்லை.

நஷ்ட ஈடு வந்தது. அடுத்த பட்டத்துக்கு வேறு விதை வந்தது, நன்றாகக் காய்த்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தன் குப்பையைத் தானே எடுத்துப்போக வந்த ஒரே ஒரு நல்ல மனிதரையும் இந்த அப்பா வெறுங்கையோடு அனுப்பிவிட்டாரே என்று பொழுது சாயும்வரை நான் அவரோடு பேசவில்லை.